மழை விலகிப் பெய்த அளம்

வெள்ளாங்கரையில் மழை வரப்பைப் பார்த்து விலகிப் பெய்த அந்த வருஷமும், ஐப்பசி பிறந்ததும் வானம் வழக்கம்போலத்தான் கிழக்கே கறுத்தது, காற்று வழக்கம்போலத்தான் திசை மாறி வாடையாக அடித்தது, முதலாளி தனுஷ்கோடியின் உப்பளத்தில் நாங்களும் வழக்கம்போலத்தான் கடைசி உப்பை வாரி அம்பாரமாகக் குவித்து, மேலே போட்டு மூடப் பனையோலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றோம். ஏனென்றால் மழை விழுந்துவிட்டால் தை மாசம் வரைக்கும் அளத்தில் வேலை கிடையாது, ஆண்கள் கரிமூட்டத்துக்கும் பெண்கள் இறால் கம்பெனிக்கும் போவோம், பாதிப் பேருக்கு அங்கேயும் வேலை இருக்காது, அரைவயிற்றுக் கஞ்சியோடு படுத்துக் கிடப்போம், ஆனால் அந்தப் படுக்கையில்தான் உப்புத்தண்ணியில் வெந்த எங்கள் கால் புண்கள் ஆறும், வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்கள் தெளியும், பிள்ளைகளின் முகம் எங்களுக்கும் எங்கள் முகம் பிள்ளைகளுக்கும் பழகும்.

அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் ராஜாசிங்கின் மனைவி எப்சிபா, மடியில் ஒரு பலகையும் பக்கத்தில் ஒரு எனாமல் குவளையில் தண்ணீருமாகக் கிழக்கு வரப்பில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் நாகர்கோவில் பக்கத்துப் பெண், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் பிறந்தவள், கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து இந்த வெள்ளை நிலத்தையும் இதன் மேலே கிடக்கிற அளவில்லாத வானத்தையும் என்ன செய்வதென்று தெரியாமல் வரைந்துகொண்டே இருந்தவள். எத்தனையோ படம் வரைந்திருக்கிறாள். வரைந்த வெயில் ஒன்றும் நின்றதில்லை, வரைந்த மேகம் ஒன்றும் தங்கியதில்லை. அன்றைக்கு மேகம் ஓட ஓட வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்தது. பாத்தித் தண்ணீரில் நீலத்தைத் தீட்டினால் தண்ணீர் ஈயமாகியிருக்கும், ஈயத்தைக் கரைத்து எடுத்தால் அது வெள்ளியாகியிருக்கும். தூறல் விழுந்து தாளில் பொட்டுப் பொட்டாகச் சாயம் விரிந்தது. காற்று பலகையைத் தூக்கியது.

உப்புக் கூடையோடு அந்த வழியே வந்த பேச்சித்தாய் நின்று பார்த்தாள்.

"எம்மா, மழ வருதும்மா. எந்திரிங்க. படம் கரைஞ்சு போவும்."

"கொஞ்சம் பொறுங்கக்கா. வெயில் ஒருக்கா வரும், பாத்திருக்கேன்."

"வந்து என்ன செய்ய? உடனே போயிருமே."

"போறதுக்குள்ள பிடிச்சிரணும்."

வெயில் வந்தது. மேகத்தின் கிழிசல் வழியாக இறங்கி, அளம் முழுவதையும், நான்கு வரப்புக்கு உள்ளே கிடந்த எல்லாப் பாத்திகளையும் எல்லா அம்பாரங்களையும் ஒரே நேரத்தில் பற்றவைத்த மாதிரி ஒளிரச் செய்தது. எப்சிபாவின் குவளையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. எழுந்து போக நேரமில்லாமல் பக்கத்துப் பாத்தியிலேயே தூரிகையை முக்கி எடுத்து, அந்த உப்புத்தண்ணியிலேயே நீலத்தைக் கரைத்து, வானத்தை ஒரே வீச்சில் தீட்டி முடித்தாள். படம் காய்ந்தபோது அதில் உப்புப் பொரிந்து மினுமினுத்தது.

அப்புறம் மழை வந்தது. வந்து, கிழக்கு வரப்பின் ஓரத்தில், கோடு கிழித்தது போல நின்றுகொண்டது.

அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மழை அப்படித்தான், ஒரு தெருவில் பெய்யும், ஒரு தெருவில் பெய்யாது. ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் மேகங்கள் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்து, வரப்புக்கு மேலே வந்ததும் தெரு நடுவே தேர் நிற்பதைக் கண்ட கூட்டம் போல இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனபோது, நாங்கள் வரப்போரத்து உடைமரத்தில் குடைகளைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே இறங்கி வேலை பார்க்கப் பழகிவிட்டோம். டீக்கடை வேலாயுதம் கடையைத் தூக்கி வந்து பாதிக் கூரை மழையிலும் பாதிக் கூரை வெயிலிலும் இருக்கும்படி போட்டான். எங்கள் காலனிப் பெண்கள் வரப்பில் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். ஆடுகள் தாமாகவே கோட்டைத் தாண்டி வந்து வெயிலில் படுத்தன, காக்கைகள் நனைந்து வந்து அம்பாரத்தின் மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு போயின. மழையளக்கிற அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நெடுநேரம் நின்றுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். உபதேசியார் இது ஆண்டவர் கிருபை என்றார், கோயில் பூசாரி அம்மன் குடை பிடிக்கிறாள் என்றார், பாத்தித் தண்ணியில் சாயம் கரைத்ததால் வந்த வினை என்று பேச்சித்தாய் மட்டும் சொன்னாள், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

படம் வரைந்த நாளிலிருந்துதான் மழை விலகுகிறது என்று கணக்குப் பார்த்த ராஜாசிங் அதைக் கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தான். முதலாளி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸில் மாட்டி, மாலை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டினார். மழைக்காலத்தில் உப்பு விளைகிற ஒரே அளம் அவருடையது. ராஜாசிங் மேனேஜரானான். அவன் கெட்டவன் இல்லை. கங்காணியிடம் அடி வாங்கி வளர்ந்த வீட்டிலிருந்து வந்தவன், கால் மேல் கால் போட்டு உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததும், அதன் கால் ஆடுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

எங்களுக்கும் கஞ்சி கிடைத்தது. கஞ்சி என்ன, சோறே கிடைத்தது. ஐப்பசியில் அடுப்பு எரிவதைப் பார்த்துக் குழந்தைகள் ஏதோ பண்டிகை என்று நினைத்தன. ஆனால் கால் புண்கள் ஆறவில்லை. பண்டிகை நாளுக்கும் வேலை இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கும் வேலை இருந்தது, மழைக்கு ஒதுங்குகிற சாக்கு ஒன்று மனிதனுக்கு எவ்வளவு தேவை என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதோடு, மழை எங்கேயாவது பெய்துதானே ஆகவேண்டும்? வரப்பில் பிரிந்து போன மேகங்கள் இரண்டும் மேற்கே மறுபடி சேர்கிற இடத்தில், பள்ளத்தில், எங்கள் காலனி இருந்தது. அளத்துக்கென்று வந்த மழையும் காலனிக்கென்று வந்த மழையும் சேர்ந்து எங்கள் ஒரே தெருவில் கொட்டியது. பகலெல்லாம் வெயிலில் கருகிவிட்டு, சாயந்தரம் உடைமரத்திலிருந்து குடையை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போனோம். பாய் காயவில்லை, விறகு காயவில்லை, சுவர்களில் கை வைத்தால் விரல் உள்ளே போனது. முதலாளியிடம் போய்ச் சொன்னோம். ஒரு பம்புசெட்டை அனுப்பினார். இரண்டாவது தடவை போனபோது, "ஊர்ல பெய்யுத மழைக்கு நான் என்னய்யா செய்ய முடியும்?" என்று கேட்டார். அவர் தலைக்கு மேலே படத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம், நாங்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை பார்க்கும் லிங்கராஜின் மனைவி நவமணி தலையிலிருந்து கால் வரை நனைந்து சொட்டச் சொட்ட வரப்பில் ஓடி வந்தாள்.

"பேச்சி! ஒங்க வீட்டுச் செவுரு விழுந்துட்டுட்டி! ஓடி வா!"

பேச்சித்தாயின் கையில் வாருபலகை இருந்தது. சிறுநீரகம் கெட்டுப்போன அவள் புருஷன் சுடலையாண்டியைக் காலையில் அந்தச் சுவரோரக் கட்டிலில்தான் கிடத்திவிட்டு வந்திருந்தாள். அவள் ஓடவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். ஒரு பஞ்சு கூட இல்லாமல் நீலமாக இருந்தது. அவள் கன்னத்தில் வியர்வை உப்பாகக் காய்ந்திருந்தது.

"எந்த மழைக்கு?" என்று கேட்டாள். "ஏட்டி, எந்த மழைக்குச் செவுரு விழும்?"

நாங்கள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். வரப்பைத் தாண்டியதும் முகத்தில் மழை அடித்தபோதுதான் அவளுக்குக் கால் ஓடியது, அப்போதுதான் குரலும் வந்தது.

சுடலையாண்டியைப் புதைக்கக் குழி வெட்டினால் தண்ணீர் ஊறியது. வெட்ட வெட்ட ஊறியது. கடைசியில் முதலாளியிடம் கேட்டு, அளத்தின் ஓரத்தில், வெயிலில், காய்ந்த மண்ணில் புதைத்தோம்.

எப்சிபா துக்க வீட்டுக்கு வந்து, பெண்களுக்குக் கடைசியில், ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அழுது ஓய்ந்த பேச்சித்தாய் மூக்கைச் சிந்திவிட்டு அவள் பக்கமாகத் திரும்பினாள்.

"எம்மா, எங்க தெருவையும் வெயில்ல வரைஞ்சு குடுங்க. அவியதான் போய்ட்டாவ. மத்த செவுராவது நிக்கட்டும்."

எப்சிபா அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். காலனித் தெருவை, வெயிலை, கோழிகளை, குழாயடியை, ஞாபகத்திலிருந்து ஒன்று விடாமல் வரைந்தாள். படம் அழகாகத்தான் இருந்தது. தெருவில் மழையும் பெய்துகொண்டுதான் இருந்தது.

"பாத்துத்தான் வரையணும்க்கா," என்று வந்து சொன்னாள். "கண்ணு முன்னால வெயில் நிக்கணும். நெனச்சு வரைஞ்சா வெறும் படம்தான் வருது."

"அப்ப வெயில் வாற வரைக்கும் இங்க உக்காருங்க."

தெருமுனையில் நாங்கள் தார்ப்பாய் கட்டினோம். அதற்குக் கீழே ஒரு பெஞ்சைப் போட்டு எப்சிபாவை உட்காரவைத்தோம். பெண்கள் முறை வைத்துக்கொண்டு தார்ப்பாயில் தேங்கும் தண்ணீரைக் கம்பால் தூக்கிக் கொட்டினார்கள். ஈரத்தில் தாள் ஊதிப்போகாமலிருக்க ஒரு சட்டியில் கங்கு போட்டுப் பக்கத்தில் வைத்தார்கள். அளத்திலிருந்து வந்த ஒவ்வொருவரும் ஒரு செம்பு பாத்தித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பலகையை மடியில் வைத்து, தூரிகையைக் கையில் பிடித்து, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் வந்து உட்கார்ந்தாள், இருட்டினால் போனாள். சில சமயம் மேகம் வெளிறும், வெளிச்சம் கூரைகளின் மேல் வந்து தொடும், எல்லோரும் "இந்தா, இந்தா" என்று கத்துவோம், அவள் தாளை ஈரப்படுத்துவதற்குள் மூடிக்கொண்டுவிடும். ராஜாசிங் ஒரு தரம் வந்து தூரத்தில் குடையோடு நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ஒரு காலையில் வெயில் வந்தே விட்டது. கிழக்கே ஒரு மேகம் விலகி, அதன் பின்னாலிருந்து ஈரமான, புத்தம் புதிதான வெயில் தெருவில் இறங்கி, தேங்கிய தண்ணீரெல்லாம் தகதகவென்று மின்னியது. எப்சிபா குனிந்தாள். கூரைகளைத் தீட்டினாள், சுவர்களைத் தீட்டினாள், இடிந்த சுவரையும் இடிந்தபடியே தீட்டினாள். பிறகு செம்பில் தூரிகையை முக்கி நீலத்தைக் கரைத்து, வானத்தின் மேல்மூலையிலிருந்து இறக்க ஆரம்பித்தாள். அவள் கை இறங்க இறங்க மழை தெருவை விட்டு விலகுவதை எங்கள் தோலில் உணர்ந்தோம். வடக்கே, சங்குவிளைப் பக்கமாக, வானம் மையாகக் கறுத்தது.

கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. அவர் செருமிவிட்டு, மரியாதையாக, கோபமே இல்லாமல் சொன்னார்:

"எம்மா, நான் சங்குவிளை. இத முடிச்சிட்டு அடுத்தாப்ல எங்க ஊருக்கு வந்துருங்கம்மா. மழ இப்ப அங்கதான் போவுது. நாங்க தார்ப்பாய்லாம் கட்டி வச்சிருக்கோம்."

எப்சிபாவின் கை பாதி வானத்தில் நின்றது.

"சங்குவிளைக்கு அங்கிட்டு எந்த ஊருண்ணாச்சி?"

"மணத்திட்டு."

"அதுக்கு அங்கிட்டு?"

அவர் யோசித்தார். "அதுக்கு அங்கிட்டு என் மகளக் கெட்டிக்குடுத்த ஊரும்மா."

தூரிகை நுனியில் நீலம் ஒரு சொட்டாகத் திரண்டு விழுந்தது. அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். நாங்கள் கத்தினோம். "முடிச்சிருங்கம்மா, வெயில் போயிரும்" என்று கெஞ்சினோம், "ஒம் புருசனுக்கு மட்டும் நாற்காலி, எங்களுக்குச் செவுரு இல்லையா?" என்று கேட்டோம், நவமணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். எப்சிபா தாளைப் பலகையிலிருந்து உருவி, தார்ப்பாய்க்கு வெளியே எறிந்துவிட்டு எழுந்தாள். அது தண்ணீரில் விழுந்து மிதந்தது. சற்று நேரத்தில் வெயில் போய்விட்டது, தெருவின் மேல் மழை திரும்பி வந்தது, சைக்கிள்காரர் எதையோ தப்பாகச் சொல்லிவிட்ட மனிதரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவள் அளத்தை நோக்கி நடந்தாள். பேச்சித்தாய் கொஞ்ச தூரம் விட்டு, ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே போனாள். நாங்களும் போனோம். தடுக்கவா, துணைக்கா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆபீஸில் ராஜாசிங் மட்டும் இருந்தான். அவளைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, எழுந்து வந்து வாசலில் நின்றான்.

"ஏட்டி எப்சிபா, வேண்டாம். அதுல கை வச்சா நாம ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான்."

"தெருவுல முழங்கால் தண்ணி நிக்குது. நீங்க வந்து பாத்தீங்கல்ல."

"நானா மழய அனுப்புனேன்?"

"நான் அனுப்புனேன். வழிய விடுங்க."

அவன் விடவில்லை. அவன் கைகள் கதவு நிலையின் இரண்டு பக்கமும் இருந்தன. அவன் அழுவான் போலிருந்தது.

"வழிய விடுங்க சார்," என்றாள் பேச்சித்தாய், பின்னாலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை.

ராஜாசிங் அவளைப் பார்த்தான். பிறகு கைகளை எடுத்தான்.

எப்சிபா நாற்காலி மேல் ஏறி, மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, சட்டத்தோடு படத்தை இறக்கினாள். ஆனால் ஆபீஸ் இருப்பது அளத்தின் நடுவே, அங்கே வெயில். அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் அந்தப் படம் நனையாது. மழையில் கரைக்க வரப்பு வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு போகவேண்டியிருந்தது. பாத்திகளில் நின்றவர்கள் வாருபலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். லிங்கராஜ் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"எக்கா, வுட்டுருக்கா. எம் புள்ள இப்பத்தான் வயிறு நெறையச் சாப்புடுது."

"தெரியும்பா."

"தெரிஞ்சுமா?"

அவள் கையை விடவில்லை, அவனும் விடவில்லை. இரண்டு பேரும் ஒரு சவத்தைத் தூக்குவது போல அதைத் தூக்கிக்கொண்டு, இழுத்துக்கொண்டு, வரப்பு வரைக்கும் வந்து சேர்ந்தார்கள், அங்கே அவன் கால் வழுக்கியது, சட்டம் கல்லில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது, எப்சிபா ரத்தம் கசிகிற விரல்களால் தாளை உருவி எடுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம், மழையில் நீட்டினாள்.

முதலில் வானம் கரைந்தது. நீலம் அவள் முழங்கை வழியாக ஓடியது. அப்புறம் பாத்திகள் கரைந்தன. அம்பாரங்கள் வரையாமல் விட்ட வெறும் தாள்தான் என்பதால் அவற்றில் கரைய ஒன்றும் இருக்கவில்லை, சுற்றியிருந்ததெல்லாம் போனபின் அவையும் இல்லாமல் போயின. தாளிலிருந்து கடைசிச் சாயம் சொட்டியபோது, எங்களுக்குப் பின்னால் அளத்தின் மேல் ஒரு சத்தம் கேட்டது. முதல் துளிகள் பாத்தித் தண்ணீரில் விழுகிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்டுப் பயந்த சத்தம். அன்றைக்கும் பயந்தோம்.

"உப்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவ்வளவுதான், எல்லோரும் ஓடினோம். கோபித்தவர்களும் கோபிக்காதவர்களும், லிங்கராஜும் நவமணியும் ஓடினார்கள், எங்கள் பின்னாலேயே வந்திருந்த, யாரென்றே தெரியாத சங்குவிளை மனிதரும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பனையோலைகளைத் தூக்கினோம், அம்பாரங்களின் மேல் போட்டோம், காற்று பிடுங்கியது, மறுபடி போட்டோம். ராஜாசிங் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு ஓலைக்கட்டைத் தலையில் தூக்கி வந்தான். எப்சிபாவும் பேச்சித்தாயும் ஒரே அம்பாரத்தின் இரண்டு பக்கமும் நின்று கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். மூடியது பாதி, கரைந்தது பாதி. உப்பு கரைந்து எங்கள் கால்களுக்கிடையே பாலாக ஓடியது.

கட்டி முடித்து நிமிர்ந்தபோது பேச்சித்தாய் கேட்டாள்:

"நாளைக்குக் கஞ்சிக்கு என்னத்தம்மா வரைவீங்க?"

அதில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

சாயந்தரத்துக்குள் முதலாளியின் கார் வந்தது. ராஜாசிங்குக்கு வேலை போனது, குடியிருந்த வீடும் போனது. காலனியில் தண்ணீர் மெதுவாக, மிக மெதுவாக வடிய ஆரம்பித்தது. மழை நிற்கவில்லை, பங்கிட்டுப் பெய்தது.

மறுநாள் காலை இறால் கம்பெனி வாசலில் ஆள் எடுக்கிற வரிசையில் வழக்கத்தைவிடக் கூட்டம். பேச்சித்தாய் முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். தூறலில் முக்காடு போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றியபடி வந்த எப்சிபா வரிசையின் வாலைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. பேச்சித்தாய் கொஞ்ச நேரம் அவளைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலை நகர்த்தித் தனக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள்.

"இங்க வா," என்றாள்.

எப்சிபா வந்து நின்றாள்.

"ஐஸுக்குள்ள கைய வச்சு உரிக்கணும். விரல் மரத்துப்போவும், வெட்டுக்காயத்துல எரியும். சொல்லிட்டேன்."

"சரிக்கா."

"சாப்ட்டியாட்டி?"

எப்சிபா இல்லையென்று தலையை ஆட்டினாள். கம்பெனிக் கதவு திறந்தது, வரிசை நகர்ந்தது, இரண்டு பேரும் மற்றவர்களோடு உள்ளே போனார்கள்.